கம்பி எண்ணும் பேராண்டிக்கு

வாடா ராசா, உக்காரு. அந்தக் கிட்டாரைச் சுவத்துல சாத்தாத, கட்டில்ல படுக்க வை. போன வாரம் சாத்தி வச்சு நழுவி விழுந்தப்ப ‘டொய்ங்’குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு பாரு, இந்த மூணு மாசத்துல அது நிறுத்தாம முழுசா வாசிச்சது அது ஒண்ணுதான்.

மூஞ்சியைத் தூக்காத. நம்ம வம்சத்துல கம்பி எண்ணுன ஆளு இல்லாம இல்ல. உன் கொள்ளுத்தாத்தன் வாய்க்கால் தகராறுல ஆறு மாசம் எண்ணுனாரு. அவரு எண்ணி முடிச்சு வெளிய வந்து வெள்ளாமையும் பாத்தாரு. நீ ஆறே ஆறு கம்பியை மூணு மாசமா எண்ணிக்கிட்டிருக்க, இன்னும் ஒரு பல்லவி தேறல.

கொறை சொல்லக் கூடாது, வாங்குறதுல நீ கெட்டிக்காரன்தான். எட்டாயிரத்து ஐநூறு கிட்டாருக்கு. அதுக்கு ஒரு உறை, தோள்ல மாட்ட ஒரு வார், நிக்க வைக்க ஒரு ஸ்டாண்டு, தலையில கவ்வுற டியூனர், கழுத்துல கவ்வுற கேப்போ. அப்புறம் பன்னெண்டு பிக்கு. பன்னெண்டு பிக்கு எதுக்குடா, புத்த மடமா நடத்தப் போற? இப்ப கையில ஒண்ணு இருக்கு, மிச்சமெல்லாம் கிட்டாரு வயித்துக்குள்ள விழுந்து கெடக்கு. தூக்கிக் குலுக்குனா சோழி உருட்டுற சத்தம் கேக்குது. பசு வாங்கப் போனவன் மணி, மூக்கணாங்கயிறு, தண்ணித் தொட்டி எல்லாம் வாங்கியாந்து கட்டுத்தறியைச் சோடிச்சுட்டு, பாலுக்குச் சொம்பத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனானாம்.

‘தாத்தனுக்குக் கிட்டாரைப் பத்தி என்ன தெரியும்’னு நீ மனசுல நெனைக்கிறது எனக்குக் கேக்குது. சுரம் படிச்சவன் இல்ல நான். முப்பத்தஞ்சு வருசம் ரேடியோ செட்டு போட்டவன். கூம்புக் குழாயைப் புளியமரத்துல கட்டி, காதுகுத்துல இருந்து கருமாதி வரைக்கும் பாட்டுப் போட்டவன். ஒரே பாட்டை ஒரே நாள்ல இருவது தடவை கேட்டா என்ன ஆகும் தெரியுமா? மொத அஞ்சு தடவை பாடுறவரு கேப்பாரு. பத்தாவது தடவை வயலினு கேக்கும். பதினஞ்சுக்கு மேலதான் பின்னால ஒருத்தன் கிட்டாரைக் கோதிக்கிட்டு இருக்கிறதே காதுல விழும். நீ ஒரு பாட்டை எத்தனை தடவை கேட்ட? ரெண்டு. அதுல ஒண்ணு பல் வெளக்கிக்கிட்டே.

பங்குனிப் பொங்கலுக்கு மெல்லிசைக் கச்சேரி வரும். மைக்கு நம்ம செட்டு. ஒரு தடவை வந்த கிட்டார்காரன் சாயங்காலமே மேடைக்குப் பின்னால உக்காந்து கம்பியைத் திருகுறான், மீட்டுறான், திருகுறான், மீட்டுறான். ஒரு மணி நேரமா இதே சோலி. ‘என்னப்பா, கச்சேரியையே இங்க முடிச்சிருவ போலருக்கே’ன்னேன். ‘புதுக் கம்பிண்ணே, இழுத்து வுட்டா எறங்கும், எறங்க எறங்க ஏத்தணும்’னான். டீ குடுக்கையில அவன் இடது கை விரல் பட்டுச்சு. நுனி நாலும் வண்டி மாட்டுக் கழுத்து மாதிரி காய்ச்சுப் போயிருந்துச்சு. உன் விரலைக் காட்டு பாப்போம். தூக்கணாங்குருவிக் குஞ்சு மாதிரி இருக்கு. மூணு மாசம் வாசிச்ச விரலாடா இது?

சரி, பழி முழுக்க உம்மேல போட மாட்டேன். பாதி அந்தக் கடைக்காரன் மேல இருக்கு. கம்பிக்கும் மரத்துக்கும் நடுவுல சுண்டெலி குடித்தனம் பண்ணலாம் போல தூக்கிக் கெடக்கு. பன்னெண்டாவது மெட்டுகிட்ட தடிச்ச கம்பிக்கு அடியில ரெண்டரை மில்லிமீட்டர், மெலிசுக்கு ரெண்டு, அம்புட்டுத்தான் இருக்கணும். அதுக்கு மேல தூக்கியிருந்தா பயில்வானுக்கும் விரல் நோகும். புதுசாப் பழகுறவன் நெறையப் பேரு ‘எனக்கு வராது’ன்னு விட்டுட்டுப் போறது இதனாலதான். வராதது அவனுக்கில்ல, அந்தப் பெட்டிக்கு. அடியில இருக்கிற வெள்ளைப் பட்டையைத் தேச்சு எறக்குற ஆளுகிட்ட கொண்டுபோய்க் குடு. கம்பியும் 12-ன்னு மாட்டியிருக்கான். ஒரு அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சா அதுல 12 பங்கு கனம், மெலிசான கம்பிக்கு. ஆறும் சேந்து இழுக்கிற இழுவை 70 கிலோவுக்குக் கிட்ட வரும்டா. ஒரு ஆளைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்ட பாரம், ராப்பகலா அந்தக் கழுத்துல. 10-ன்னு ஒரு செட்டு இருக்கு, அதை மாட்டு. சத்தம் கொஞ்சம் மெலியும். உன் சத்தம் மெலியிறதுல தெருவுல யாருக்கும் வருத்தமில்ல.

இன்னொண்ணு. தகரக் கூரைக்கு அடியில, சித்திரை வெயில்ல, அதைச் சன்னலோரம் வைக்கிற. 70 கிலோ ஒரு பக்கம் இழுக்குது, பசை ஒரு பக்கம் எளகுது. கம்பியைக் கட்டியிருக்கிற கட்டை பேந்துக்கிட்டு வந்தப்புறம் ‘தாத்தா, ஃபெவிகால் இருக்கா’ன்னு எங்கிட்ட வராத.

மெட்டுன்னு சொன்னேன்ல, நீங்க ஃப்ரெட்டுங்கிறீக. வீணைக்காரவுக அந்தப் பித்தளைக் கம்பிக்கு மெட்டுன்னுதான் சொல்லுவாக. பாட்டுக்கும் மெட்டு, கட்டைக்கும் மெட்டு. நம்ம பாசையே உனக்கு வழி சொல்லுது, நீ யூட்யூப்ல தேடுற. நீ காலேசுக்குப் போனப்புறம் தையக்காரன் டேப்பை வாங்கியாந்து அளந்து பாத்தேன். சும்மா முறைக்காத, டேப்பு மட்டும்தான் மேல பட்டுச்சு. கழுத்து உச்சியில இருக்கிற வெள்ளைக் கட்டையில இருந்து பன்னெண்டாவது மெட்டு பன்னெண்டே முக்கால் அங்குலம். அங்கிருந்து அடிக்கட்டைக்கும் பன்னெண்டே முக்கால். நட்ட நடு. கம்பியைப் பாதியாக்குனா அதே சுரம் ஒரு படி மேல ஏறி நிக்கும். அஞ்சாவது கம்பி ஏ, வினாடிக்கு 110 தடவை நடுங்கும். பன்னெண்டுல அழுத்துனா 220. ஆனா தடிச்ச கம்பிக்கு மட்டும் அடிப்பக்கம் ஒரு நூல் தாராளமா விட்டிருக்கான். மொதல்ல தச்சன் பிழைன்னு நெனைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுச்சு, அழுத்துறப்ப கம்பி விறைச்சுச் சுதி கொஞ்சம் ஏறுமே, அதுக்கு ஈடா நீளத்தைக் கூட்டியிருக்கான். பலே ஆசாரிடா அவன். அந்த ஒரு நூல் அளவுக்கு யோசிச்சுச் செஞ்ச சாமானை நீ சுதி சேக்காமலே அடிச்சுக்கிட்டிருக்க.

சுதி சேக்குறது வேலையத்தவன் சோலின்னு நெனைக்காத. டியூனரு பச்சை வெளக்கு காட்டுனா போதும்னு விட்டுர்ற. காலையில சேத்தது சாயங்காலம் எறங்கும். வெயிலுக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி. எங்க ஆம்ப்ளிஃபயருல எர்த்து சரியில்லேன்னா ‘ம்ம்ம்’னு உறுமும், கேட்டிருப்ப. அது கரண்டோட சுதி, வினாடிக்கு 50. அந்த உறுமலை முப்பத்தஞ்சு வருசம் கேட்ட காது இது. உன் மூணாவது கம்பி ஜி இருக்கே, அது 196. நாலால வகுத்தா 49. கரண்டும் ஜி-யும் பங்காளிக, கூடப்பொறந்தவுக இல்ல. அதனால உன் மூணாவது கம்பி தப்பா இருந்தா, எனக்கு எர்த்து புடுங்கிக்கிட்ட மாதிரியே ஒடம்பு கூசுது.

இப்ப வாசிப்புக்கு வா. இடது கைக்கு வலி இருக்கும். ரெண்டு மூணு வாரம் இருக்கும், அப்புறம் தோலு காய்ச்சுரும். மம்பட்டி பிடிச்ச குடும்பம்தானே நம்மது, இதுக்கு ஐஸ்கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்க. நாளைக்கு இருவது நிமிசம் போதும். ஆனா நாள் தவறாம. ஞாயித்துக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் வாசிக்கிறது, ஆறு நாள் பட்டினி கெடந்துட்டு கெடாவிருந்துல விழுந்த கதை. விரலை மெட்டுக்கு நடுவுல அழுத்தாத, மெட்டை ஒட்டி முன்னால அழுத்து. பாதி பலம் போதும். நீ அழுத்துற அழுத்துல மரத்துல பள்ளம் விழுது, கம்பி மட்டும் ‘டப்பு’ன்னு தகரம் மாதிரி சத்தம் போடுது.

வலது கைதான் வண்டி மாடு. அது நிக்கக் கூடாது. நீ என்ன செய்யிற? சி-யில இருந்து டி-க்கு மாத்துறப்ப இடது கை தடுமாறுது, ஒடனே வலது கையும் ‘ஐயோ பாவம்’னு நின்னு வேடிக்கை பாக்குது. பாட்டு நடுரோட்டுல படுத்துருது. விரல் விழாட்டியும் பரவாயில்ல, வெத்துக் கம்பியை அடி, கை மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கட்டும். ஊரு தப்பான சுரத்தை மன்னிக்கும், நின்ன தாளத்தை மன்னிக்காது. கச்சேரியில பாத்திருக்கேன்: கிட்டார்காரன் கம்பி அந்து தொங்கும், அவன் பாட்டுக்கு அஞ்சு கம்பியில கோதிக்கிட்டே இருப்பான், ஒருத்தனுக்கும் தெரியாது. டிரம்முக்காரன் ஒரு அடி விட்டான்னா பொரிகடலை விக்கிறவன் திரும்பிப் பாப்பான்.

கார்டு எத்தனை தெரியும்னு கேட்டா இருவத்தேழுங்கிற. ரேசன் கார்டு, ஆதார் கார்டு எல்லாம் சேத்தா முப்பது ஆயிரும். எதுக்கு? ஜி, சி, டி, இ மைனர். இந்த நாலு போதும் உனக்கு ஒரு வருசத்துக்கு. கடிகாரத்தை வச்சுக்க. ஒரு நிமிசத்துல ஜி-யில இருந்து சி-க்கு எத்தனை தடவை சத்தம் சுத்தமா மாத்துறன்னு எண்ணு. இப்ப பன்னெண்டு வரும். முப்பது வந்தா சாதாப் பாட்டு வாசிக்கலாம். அறுவது வந்தா கல்யாணத்துக்குக் கூப்பிடுவாக. எஃப்-ஐ இப்பத் தொடாத. ஒரு விரலைக் குறுக்க படுக்க வச்சு ஆறு கம்பியையும் அழுத்தச் சொல்லுவான். கிட்டாரு கத்துக்கிட்டவன் நெறையப் பேரு அந்தச் சுங்கச்சாவடியிலதான் வண்டியைத் திருப்பியிருக்கான். மெலிசான மூணு நாலு கம்பியை மட்டும் பிடிச்சுச் சின்ன எஃப்-ஆ வாசி, அவன் சீட்டுக் கேக்குறதுக்குள்ள தாண்டிரலாம்.

பாட்டுக்குக் கார்டு போட்டு ஆளாளுக்கு எழுதி வச்சிருக்கான், அதை அச்செடுத்துச் சுவரெல்லாம் ஒட்டி வச்சிருக்க. ஒருத்தன் இந்த எடத்துல ஜி-ங்கிறான், இன்னொருத்தன் இ மைனருங்கிறான், நீ ரெண்டு பேருக்கும் நடுவுல பஞ்சாயத்துப் பண்ணிக்கிட்டு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் முழிக்கிற. ஜி-யில என்ன இருக்கு? ஜி, பி, டி. இ மைனருல? இ, ஜி, பி. மூணுல ரெண்டு ஒண்ணுதான்டா. ஒரே வீட்டுல பொண்ணெடுத்த சகலைகளுக்கு நடுவுல என்னத்தைப் பஞ்சாயத்து? எது சரின்னு தெரியணும்னா பேப்பரைப் பாக்காத, அடியில பேஸ் கிட்டாரு எந்தச் சுரத்துல காலை ஊனுதுன்னு கேளு. குழாயில கேட்டா அது கேக்காது, அந்தக் காலத்துல எனக்கே கேக்கல. உன் காதுல செருகியிருக்கிற அந்த வெள்ளைக் கடலைக்கொட்டையில நல்லாவே கேக்கும். கடவுள் அதைக் குடுத்தது உங்க அம்மா கூப்பிடுறது கேக்காம இருக்கிறதுக்கு மட்டுமில்ல.

அப்புறம் அந்த ‘இளைய நிலா’. வாங்குன அன்னைக்கே அதுல கை வச்ச பாரு, உன் தைரியத்தை மெச்சணும். 1982-ல ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தப்ப அந்தத் தட்டை நான் தேய தேயப் போட்டிருக்கேன். அந்த ஆரம்பத்துல கம்பி கம்பியா உதிருதே, அது கோதுற வேலை இல்ல, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி உத்தியோகம். பாட்டுப் போட்ட இளையராஜாவோட பன்னைப்புரம் நம்ம தேனிச் சீமைதான்னு நீ காலரைத் தூக்கிவிட்டுக்கிற. ஒரே ஆத்துத் தண்ணி குடிச்சா விரலு வந்துருமா? அந்த மனுசன் அண்ணன் பாவலரோட ஊர் ஊராப் போய்ப் பாட்டுக்கட்டி, பட்டணம் போய் மயிலாப்பூருல தன்ராஜ் மாஸ்டருகிட்ட ஒக்காந்து படிச்சு, லண்டன் டிரினிடி காலேசு பரீட்சையில கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்குனவரு. ஜி.கே. வெங்கடேஷ்கிட்ட கிட்டாரு வாசிச்சுக்கிட்டு இருந்துட்டுத்தான் 1976-ல ‘அன்னக்கிளி’க்கு வந்தாரு. கம்பியில விரல் எங்க போகும், எங்க முட்டும்னு தெரிஞ்ச ஆளு போட்ட பாட்டுடா அது. நீ தங்கப் பதக்கத்தை விட்டுரு, தகரப் பதக்கமாச்சும் வாங்கிட்டு அதுகிட்டப் போ. ‘இளைய நிலா’வுக்கு ரெண்டு வருசம் முன்னால ‘மூடுபனி’யில ‘என் இனிய பொன் நிலாவே’ வந்துச்சு. கிட்டாரும் கையுமா ஒக்காந்த பிரதாப் போத்தனைப் பாத்துட்டு டவுனுல எத்தனை பயலுக தலைமுடி வளத்தாய்ங்க தெரியுமா. முடி வளந்துச்சு. வாசிக்கத்தான் ஒருத்தனுக்கும் வரல.

நம்ம பாட்டுல இன்னொரு வில்லங்கம். பாடுறவரு ஒரு சுரத்துல நிக்க மாட்டாரு, வளைப்பாரு, அசைப்பாரு, வழுக்கிக்கிட்டே அடுத்ததுக்குப் போவாரு. கிட்டாருல மெட்டுக்கு மெட்டு வேலி போட்டு வச்சிருக்கான். வேலியைத் தாண்ட முடியாதுன்னு சொல்லல. கிட்டார் பிரசன்னா அதுலயே கர்நாடக சங்கீதம் வாசிக்கிறாரு, கம்பியை இழுத்தும் வழுக்கியும். அவரு அவரு. நீ அந்தக் குழைவைப் பாடுற வாய்க்கு விட்டுரு. அடியில கோதிக்கிட்டே போ, பந்தல்காலு மாதிரி. பந்தலுக்கு வந்தவன் காலைப் பாத்துப் பாராட்ட மாட்டான். ஆனா புடுங்கிப் பாரு, தெரியும்.

பாடுறதுக்கு ஆளு வேணும்ல? உனக்குக் கூட்டாளிக எதுக்கு, வீட்டுக்குள்ளயே இருக்கா. உங்க அப்பத்தா அரிசி பொடைக்கையில பாடுற அந்த ஏலேலோப் பாட்டைக் கேட்டிருக்கியா? எங்க கேட்டிருக்கப் போற, காதுலதான் கடலைக்கொட்டை. நான் கேட்டுப் பாத்துட்டேன், மூணு கார்டுக்கு மேல தாங்காது. ஒரு தொல்லை, அவ சுதி நாலு கட்டை. நாலு கட்டைன்னா உன் கணக்குல எஃப். பயப்படாத, அதுக்குத்தான் அந்தத் துணிக்கிளிப்பு. கேப்போவை மூணாவது மெட்டுல மாட்டிக்கிட்டு டி, ஜி, அந்த நாலுக்கு மேல ஏ ஒண்ணுன்னு வாசி, கேக்குறவுகளுக்கு எஃப்-ஆத் தெரியும். சுங்கச்சாவடிக்குப் பக்கத்துலயே ஊருக்காரன் போட்ட மண்ரோடு. ‘உனக்கு எப்பிடித் தாத்தா இதெல்லாம் தெரியும்’னு கேக்காத. எம் விரல் நுனி ஏன் கருத்திருக்குன்னு அவளே ரெண்டு தடவை கேட்டுட்டா, பீடி சுட்டுருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். நான் பீடியை விட்டுப் பதினோரு வருசம் ஆச்சு, அதை நீ ஞாபகப்படுத்தித் தொலையாத.

ஆடி பதினெட்டுக்கு எல்லாரும் வீட்டுக்கு வருவாக. அவ பாடணும், நீ மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் நிக்காம வாசிக்கணும். ஒரே ஒரு பாட்டு. தப்பு விழுந்தா நான் இருமிச் சமாளிக்கிறேன். சரி, எடு அதை. எடுத்ததும் மூணாவது கம்பியை ஏத்து, நேத்து ராத்திரில இருந்து எறங்கிக் கெடக்கு.